எந்த நூலை எதற்காக எடுப்பது: சுயமுன்னேற்றம், அபுனைவு, சமகாலப் புனைவு

இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு, நூலைத் தேர்ந்தெடுப்பது பற்றி யோசிக்கும் எவருக்கும் நல்ல தொடக்கமாக அமையும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மற்றொன்று. அதே 1931-ஆம் ஆண்டில்தான் மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில், மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. வண்டியில் வந்த நூல்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் அன்றைய வாசகருக்கு இருந்த வாய்ப்பு. இன்று தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குள் நுழைபவர் ஆயிரக்கணக்கான நூல்களுக்கு நடுவே நிற்கிறார். கைபேசியைத் திறந்தால் அதைவிடப் பல மடங்கு நூல்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. கையிலிருக்கும் பணமும் மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரமும் மட்டும் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

வாங்கிய நூல் பாதியில் நின்றுபோவதற்கு நூலின் தரக்குறைவு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வகை நூலிடம் கேட்க வேண்டியதை வேறொரு வகை நூலிடம் கேட்பதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன. நாவலை முடித்துவிட்டு இதில் என்ன கருத்து இருக்கிறது என்று கேட்கிறோம்; சுயமுன்னேற்ற நூலில் ஆறுதலைத் தேடுகிறோம்; வரலாற்று நூலை நம் ஊர்ப் பெருமைக்குச் சான்றிதழாக வாங்குகிறோம். சம்பா ரகத்தைக் குறுவைப் பட்டத்தில் விதைத்துவிட்டு விளைச்சலைக் குறை கூறுவதைப் போன்றது இது. மூன்று வகைகளுக்கும் மூன்று தனித்தனிச் சோதனைகள் உண்டு என்பதை மனத்தில் கொண்டால், கடையில் நிற்கும் பத்து நிமிடத்திற்குள் ஒரு நூலைப் பற்றி ஓரளவு சரியான முடிவுக்கு வந்துவிட முடியும்.

முதலில் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

கடைக்கோ நூலகத்திற்கோ செல்வதற்கு முன், எதற்காக நூலைத் தேடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "வாழ்க்கையில் முன்னேற வேண்டும்" என்று எழுதினால் அதற்கு எந்த நூலும் பொருந்தும். ஆகையால் எந்த நூலும் பயன்படாது. "போட்டித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கைபேசியை எடுத்துவிடுகிறேன், அதை எப்படி நிறுத்துவது?" என்று எழுதினால் தேடவேண்டிய அலமாரி உடனே தெரிந்துவிடும். "என் தாத்தா காலத்தில் மூன்று போகம் விளைந்ததாகச் சொல்கிறார்கள்; இப்போது ஏன் ஒரு போகத்திற்கே தண்ணீர் குறித்த கவலை?" என்பது கற்பனையின்றி உண்மைச் செய்திகளைச் சொல்லும் அபுனைவு நூலுக்கான கேள்வி. "எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவர்களின் வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்பது புனைவு மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர் சுயமுன்னேற்ற நூலை எடுக்கலாம். இது எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்பவர் அபுனைவை எடுக்கலாம். இன்னொருவராக வாழ்வது எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவரும், எந்தக் கேள்வியும் இன்றி வாசிக்கும் இன்பத்திற்காக மட்டுமே தேடுபவரும் புனைவின் பக்கம் செல்லலாம். இந்தக் கடைசிக் காரணம் மற்றவற்றைவிடத் தாழ்ந்ததன்று. பயன் கருதாமல் வாசிப்பவர்களே நீண்டகாலம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சுயமுன்னேற்ற நூல்: என்ன செய்யச் சொல்கிறது, எதை நம்பிச் சொல்கிறது?

இந்த வகையில்தான் நல்லதையும் அல்லாததையும் பிரித்தறிவது மிகக் கடினம். அட்டைகள் ஒன்றுபோல் இருக்கின்றன, தலைப்புகள் ஒன்றுபோல் உறுதி அளிக்கின்றன. ஆகவே அட்டையை விட்டுவிட்டு, நூலின் நடுவிலுள்ள ஓர் அத்தியாயத்தைத் திறந்து முழுவதுமாக வாசியுங்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் கவனத்தோடு எழுதுகிறார்கள். நடு அத்தியாயத்தில்தான் சரக்கு இருக்கிறதா என்பது தெரியும். வாசித்து முடித்ததும், நாளைக் காலையில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு செயலை அந்த அத்தியாயம் தெளிவாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் செய்வதில் எங்கே தடை வரும், தடை வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லியிருந்தால் அந்த ஆசிரியர் உண்மையிலேயே மனிதர்களோடு வேலை செய்தவராக இருக்க வாய்ப்புண்டு. "உன்னால் முடியும்" என்பதையே எட்டுப் பக்கங்களுக்கு வெவ்வேறு சொற்களில் எழுதியிருந்தால், அந்த உற்சாகம் பேருந்து நிறுத்தம் வரை தாங்குவதே அரிது.

அடுத்துக் கவனிக்க வேண்டியவை எண்களும் ஆய்வுகளும். சுயமுன்னேற்ற நூல்களில் "ஆய்வுகள் கூறுகின்றன" என்ற தொடர் அடிக்கடி வரும். எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த ஆண்டு என்று சொல்லாத நூலை அந்த இடத்தில் நம்ப வேண்டியதில்லை. மிகப் பரவலாகக் காணப்படும் சில கூற்றுகளின் உண்மை நிலையைத் தெரிந்து வைத்துக்கொண்டால், அவற்றையே உரைகல்லாகப் பயன்படுத்தலாம்.

புதிய பழக்கம் ஒன்று உருவாக 21 நாட்கள் போதும் என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், அறுவைக்குப் பின் மாறிய முகத்தை நோயாளிகள் தமதென்று ஏற்றுக்கொள்ளக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அந்தக் "குறைந்தது" என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்து, முகத்தைப் பற்றிய கவனிப்பு எல்லாப் பழக்கங்களுக்குமான விதியாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு இடைப்பட்ட அளவாக 66 நாட்கள் தேவைப்பட்டன. ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை மாறுபட்டது. இருபத்திரண்டாம் நாள் பழக்கம் நிலைக்கவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் ஒரு மாணவிக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள். 21 நாட்கள் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் நூலை நான் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.

பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி இருந்தால் யாரும் எந்தத் துறையிலும் வல்லுநராகலாம் என்பதும் இப்படிப்பட்டதே. ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய குழுவினரும் பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரையே இதன் வேர். மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரிதான் ஏறத்தாழப் பத்தாயிரம் மணி நேரம். அவர்களிலேயே பலர் அந்த அளவை எட்டியிருக்கவில்லை என்பதையும், நேரத்தைவிடப் பயிற்சியின் தன்மையே முக்கியம் என்பதையும் எரிக்சனே பின்னர் எடுத்துரைத்தார். திருவையாற்று அரசு இசைக் கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவருக்கு, மணிக்கணக்கை எண்ணுவதா, செய்யும் தவறைக் கண்டு திருத்துவதா என்பது வாழ்க்கையையே மாற்றும் கேள்வி. குறிக்கோளை எழுதி வைத்த மூன்று விழுக்காட்டு மாணவர்கள் மற்ற எல்லோரையும்விட அதிகம் பொருளீட்டினார்கள் என்று, 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வகுப்பின் பெயரால் ஒரு கதையும் உலவுகிறது. அப்படியோர் ஆய்வு நடந்ததற்குச் சான்றே கிடைக்கவில்லை. இக்கதையை உண்மையென்று எழுதும் நூல், தன் மற்றச் செய்திகளையும் சரிபார்க்காமல் எழுதியிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

மூன்றாவதாக, அந்த நூல் யாருடைய வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். தமிழில் அதிகம் விற்கும் சுயமுன்னேற்ற நூல்களில் கணிசமானவை அமெரிக்க நூல்களின் மொழிபெயர்ப்புகள். மாதம் தவறாமல் ஊதியம் வருவதும், தனி அறை ஒன்று இருப்பதும், தன் நேரத்தைத் தானே தீர்மானிக்க முடிவதும் அவற்றில் சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட அடிப்படைகள். நம் காவிரி டெல்டாவில் ஒரு விவசாயக் குடும்பத்திற்குப் பணம் வருவது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்ட பிறகுதான். அதற்கு முன்னால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கும், நகைக்கடன் இருக்கும், மகளிர் குழுத் தவணை இருக்கும். மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமியுங்கள் என்ற அறிவுரையை இங்கே அப்படியே கடைப்பிடிக்க முடியாது. ஆனால் பணம் கைக்கு வந்தவுடன், செலவுக்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்ற அதன் உட்கருத்தை அறுவடைக் கணக்கிற்கு மாற்றிக்கொள்ளலாம். நல்ல நூலில் அத்தகைய உட்கருத்து தனியே பிரித்தெடுக்கும் வகையில் இருக்கும். அமெரிக்க ஓய்வூதியக் கணக்குகளையும் வரிச்சலுகைகளையும் விவரிக்கும் அத்தியாயங்களை நீக்கினால் எதுவும் எஞ்சாத நூல், அந்த நாட்டு வாசகருக்கு எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும், நமக்குரியதன்று.

வெற்றி பெற்றவர்களின் கதைகளை மட்டுமே அடுக்கிச் செல்லும் நூல்களிடமும் எச்சரிக்கை தேவை. அதே வழியில் சென்று தோற்றவர்களைப் பற்றி அந்நூல் பேசாத வரையில், வெற்றிக்கு அந்த வழிதான் காரணமா என்பது தெரியவே தெரியாது.

ஒரு சுயமுன்னேற்ற நூலை வாசித்தால் அதிலிருந்து ஒரே ஒரு பயிற்சியை இரண்டு மாதமாவது செய்து பார்த்த பிறகே அடுத்ததை வாங்குங்கள். வரிசையாக வாசித்துக்கொண்டே போவது, முன்னேறுவதைப் போன்ற உணர்வைத் தருமே தவிர முன்னேற்றத்தைத் தராது. வாரக்கணக்கில் தூக்கமின்மையும், எதிலும் விருப்பமின்மையும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமும் இருக்குமானால் அது நூலால் தீர்க்கும் நிலையன்று. மருத்துவரைப் பாருங்கள், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அபுனைவு: ஆசிரியருக்கு இது எப்படித் தெரிந்தது?

வரலாறு, அரசியல், அறிவியல், வேளாண்மை, உடல்நலம், வாழ்க்கை வரலாறு என்று பரந்து கிடக்கும் இந்த வகைக்கு ஒரே ஒரு தலையாய சோதனை உண்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், இந்தச் செய்தி ஆசிரியருக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். நேரில் கண்டாரா, ஆவணத்தில் படித்தாரா, ஒருவரிடம் கேட்டாரா, அல்லது வேறொரு நூலிலிருந்து எடுத்தாரா என்பது அடிக்குறிப்பிலோ, துணைநூற்பட்டியலிலோ, வாக்கியத்திற்குள்ளேயோ எங்கேனும் தெரிய வேண்டும்.

அதைவிட எளிதான ஒரு வழியும் இருக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி அந்த நூல் என்ன சொல்கிறது என்று தேடிப் படியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை என்று எழுதும் நூல்கள் இன்னும் வெளிவருகின்றன. கோயிலுக்கு ஒருமுறை மாலை வேளையில் போய் நின்ற எவருக்கும் நிழல் விழுகிறது என்பது தெரியும். 1010-இல் குடமுழுக்குக் கண்ட ஒரு கட்டடத்தின் உண்மையான சிறப்புகளை விளக்க எத்தனையோ கல்வெட்டுகளும் அளவுகளும் இருக்கும்போது, கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஒன்றையே சரிபார்க்காத ஆசிரியர், நம்மால் சரிபார்க்க முடியாதவற்றை மட்டும் கவனமாக எழுதியிருப்பார் என்று எப்படி நம்புவது? நீங்கள் நெசவாளரானால் பட்டைப் பற்றிய பக்கத்தையும், செவிலியரானால் காய்ச்சலைப் பற்றிய பக்கத்தையும், விவசாயியானால் நாற்றங்காலைப் பற்றிய பக்கத்தையும் முதலில் திறந்து பாருங்கள்.

சோழர் வரலாற்றை விரும்பி வாசிப்பவர்கள் நம் பகுதியில் மிகுதி. அவர்களுள் பலர் நாவல் வழியாகவே அங்கு வந்து சேர்கிறார்கள். அது நல்ல வாசல்தான். ஆனால் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் நந்தினி, ஆசிரியரின் கற்பனைப் படைப்பு. ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாக வரலாற்றாசிரியர்கள் கையில் இருப்பது, காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் உள்ள ஒரு கல்வெட்டு. இரவிதாசன் முதலான உடன்பிறந்தாரின் சொத்துகளையும் உறவினரின் சொத்துகளையும் பறிமுதல் செய்ததைப் பற்றி அது பேசுகிறது. கொலைக்கான காரணத்தை அது சொல்லவில்லை. அந்த இடைவெளியை இடைவெளி என்றே ஒப்புக்கொண்டு, இன்னின்ன கருத்துகள் உள்ளன என்று விளக்குவது வரலாற்று நூல். கொலையாளியின் மனத்துக்குள் புகுந்து உறுதியாகப் பேசிக்கொண்டே தன்னை ஆராய்ச்சி என்று அழைத்துக்கொள்வது நாவலுமன்று, வரலாறுமன்று. கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில் பிறந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார் எழுதிய 'பிற்காலச் சோழர் சரித்திரம்' போன்ற நூலில், கூற்றுகளுக்குக் கல்வெட்டு ஆதாரம் அடிக்குறிப்பில் தரப்பட்டிருப்பதைக் காணலாம். அதன் சில முடிவுகளைப் பின்வந்த ஆய்வுகள் மாற்றியிருக்கலாம். அப்படி மாற்றுவதற்கே வழிகொடுப்பது அந்த அடிக்குறிப்புதான்.

பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்க்காமல் அபுனைவு நூலை வாங்கக் கூடாது. முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது வெறும் மறுஅச்சா, திருத்திய பதிப்பா என்பது அங்கேதான் இருக்கும். காவிரி நீர்ப் பங்கீட்டைப் பற்றிய நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990-இல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பு, சராசரி மழை ஆண்டில் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழகத்திற்கு 192 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது, அதே ஆண்டில் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அமைக்கப்பட்டது. 2022-இல் அச்சானதாகப் போட்டிருக்கும் ஒரு நூல் இன்னமும் 192 என்பதையே நடப்பு அளவாகச் சொன்னால், பழைய நூலுக்குப் புதிய அட்டை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 1892, 1924 ஒப்பந்தங்களின் வரலாற்றை அறிவதற்குப் பழைய நூலே போதுமானதாகவும் சிறந்ததாகவும் இருக்கலாம். இன்றைய நிலையை அறிய அது உதவாது. இரண்டு தரப்பிலும் உணர்ச்சி மிகுந்த இத்தகைய பொருளில், கர்நாடகத் தரப்பின் வாதத்தை அவர்களே ஏற்கும் சொற்களில் எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கும் நூலையே தேர்ந்தெடுங்கள். நம் நியாயத்தை வலிமையாகப் பேச நமக்குக் கற்றுக்கொடுப்பதும் அதுவே.

மரபு நெல்லையும் இயற்கை வேளாண்மையையும் பற்றிய நூல்களை மிக்க அக்கறையோடு தேர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவற்றைப் படித்து நிலத்தில் இறங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விதைகளைக் காத்தவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. அதைப் பதிவு செய்யும் நூல்கள் தேவை. ஆயினும் ஒரு ரக அரிசி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று ஒரே வரியில் முடிக்கும் நூலுக்கும், அந்த ரகத்தின் வயது, வைக்கோல் உயரம், மழையில் சாயும் தன்மை, கிடைத்த விளைச்சல், விற்ற விலை ஆகியவற்றை ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லும் நூலுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களோடு நேர்மையாக ஒப்பிட்டுக் காட்டும் ஆசிரியர், தான் எந்தப் பக்கத்தில் நின்றாலும், உங்கள் பணத்தையும் ஒரு பருவத்து உழைப்பையும் மதிக்கிறார். மருந்தை நிறுத்திவிட்டு உணவை மட்டும் நம்பச் சொல்லும் நூலை, அது எவ்வளவு இனிய தமிழில் எழுதப்பட்டிருந்தாலும், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

மொழிபெயர்ப்பு அபுனைவானால் மொழிபெயர்ப்பாளரின் பெயர், மூலநூலின் பெயர், அது வெளிவந்த ஆண்டு ஆகிய மூன்றும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மெல்ல வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்தின் பொருள் புரிய மூன்று முறை படிக்க வேண்டியிருந்தால், நானூறு பக்கங்களை உங்களால் கடக்க முடியாது.

சமகாலப் புனைவு: இந்த மனிதர்களோடு இருக்க விரும்புகிறேனா?

புனைவுக்கு மேற்சொன்ன சோதனைகள் எதையும் போடாதீர்கள். என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்டால் நல்ல நாவல் மௌனமாக இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் கற்பனை என்று சொல்லிவிடும். முதல் இரண்டு பக்கங்களையும் நடுவிலிருந்து இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டு, இந்த மனிதர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். கதைச்சுருக்கத்தைப் பின்னட்டையில் படிப்பதால் பெரும் பயன் இல்லை. கதை என்ன என்பதைவிட அது எந்தக் குரலில் சொல்லப்படுகிறது என்பதே நம்மை முன்னூறு பக்கம் கூட்டிச் செல்கிறது.

அந்த நான்கு பக்கங்களில் கவனிக்கத் தக்கவை சில உண்டு. எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி பேசுகிறார்களா, அல்லது பேச்சை மட்டும் கேட்டே ஆளை அடையாளம் காண முடிகிறதா? ஒவ்வொருவரும் என்ன உணர்கிறார்கள் என்பதை ஆசிரியர் உடனுக்குடன் விளக்கிவிடுகிறாரா, அல்லது நமக்கும் ஏதாவது விட்டுவைக்கிறாரா? பாத்திரங்களுக்குப் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதா? காதலும் கண்ணீரும் மட்டுமே தொழிலாகக் கொண்ட மனிதர்களை நாம் எங்கும் சந்திப்பதில்லை. நம் பகுதியில் நடக்கும் கதையானால் இன்னொன்றையும் பார்க்கலாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது; கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும். சித்திரை வெயிலில் காவிரி இரு கரையும் புரண்டு ஓடுவதாக ஒரு சமகால நாவல் காரணமின்றி எழுதினால், அந்த ஆசிரியர் இந்த மண்ணை அஞ்சலட்டைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

தமிழின் முதல் நாவலை 1879-இல் தந்த வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். அன்று முதல் டெல்டா எழுத்துக்குப் பஞ்சமில்லை. கும்பகோணம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே தமிழ்ச் சிறுகதையின் பாதி வரலாற்றைச் சொல்லிவிடலாம். அதனாலேயே இங்குள்ள வாசகர்களுக்கு ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. படித்துறை, அக்கிரகாரத் திண்ணை, கச்சேரி, பித்தளை டம்ளரில் காப்பி என்று நமக்கு முன்பே அறிமுகமான டெல்டாவையே மீண்டும் மீண்டும் தேடுகிறோம். அந்த எழுத்துகளின் அழகு குன்றாதது. ஆனால் டெல்டா அதோடு முடிவதில்லை. நடவுக்கும் அறுப்புக்கும் சென்றவர்களின் தெருக்கள், 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நாகப்பட்டினக் கடற்கரைக் குப்பங்கள், நாகூர், கூத்தாநல்லூர் வீடுகளில் வளைகுடாவிலிருந்து வரும் பணத்துக்காகவும் மனிதருக்காகவும் காத்திருப்பவர்கள், கும்பகோணத்துத் தறிக்கூடங்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. அடுத்து எடுக்கும் நாவல் நீங்கள் அறியாத தெருவைப் பற்றியதாக இருக்கட்டும் என்பதே புனைவு குறித்து நான் சொல்லக்கூடிய முதன்மையான அறிவுரை.

ஒரே நிகழ்வைப் பற்றிய புனைவையும் அபுனைவையும் அடுத்தடுத்து வாசிப்பது, இரண்டு வகைகளின் இயல்பையும் விளங்கவைக்கும். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பின்னணியில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட நாவல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நேரடி வாக்குமூலங்களும் வழக்கு விவரங்களும் கொண்ட கட்டுரை நூல்களும் உள்ளன. யார், எப்போது, என்ன கூலி, நீதிமன்றம் என்ன சொன்னது என்பவற்றுக்குக் கட்டுரை நூலை நாடுங்கள். நாவலைப் படிக்கும்போது, ஆசிரியர் எங்கே நின்று பார்க்கிறார், யாருடைய மனத்துக்குள் போகிறார், யாரை வெளியிலேயே நிறுத்திவிடுகிறார் என்று கவனியுங்கள். அந்தக் கவனிப்பு வந்துவிட்டால் நூல் தேர்வில் பிறர் துணை உங்களுக்கு அதிகம் தேவைப்படாது.

புதிய எழுத்தாளர் ஒருவரை அறிய நாவலைவிடச் சிறுகதைத் தொகுப்பு ஏற்றது. இரண்டு கதைகளில் அவருடைய கைவரிசை தெரிந்துவிடும். விருதுப் பட்டியல்களை வழிகாட்டியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். சாகித்திய அகாதெமி 1955 முதல் விருது வழங்குகிறது; இளம் எழுத்தாளர்களுக்கான யுவ புரஸ்கார் 2011 முதல் வழங்கப்படுகிறது. சமகால எழுத்தைத் தேடுபவருக்கு இரண்டாவது பட்டியல் அதிகம் உதவும். மலையாளம், கன்னடம், வங்காளம் ஆகிய மொழிகளிலிருந்து வந்த நாவல்களையும் மறந்துவிடாதீர்கள். 1957-இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட்டும் சாகித்திய அகாதெமியும் அவற்றைக் குறைந்த விலையில் தமிழில் தந்திருக்கின்றன.

எதை விடுவது, எங்கே பெறுவது

சுயமுன்னேற்ற நூலை முப்பது பக்கத்தில் கைவிடலாம். அபுனைவு நூலில் தேவையான அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு மூடலாம். அதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை. புனைவுக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக, அறுபது எழுபது பக்கமாவது அவகாசம் கொடுங்கள், ஏனென்றால் ஒரு நாவலின் உலகத்துக்குள் நாம் குடியேறச் சிறிது காலம் ஆகிறது. இப்போது பிடிக்காததைப் பத்தாண்டு கழித்து மீண்டும் எடுத்துப் பார்ப்பதும் புனைவில்தான் பயன் தரும்.

நண்பர்களிடம் பரிந்துரை கேட்கும்போது, நூல் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் ஆம் என்பதாகவே இருக்கும். அந்த நூலைப் படித்த பிறகு நீ என்ன செய்தாய், அல்லது அதில் எந்த இடம் இன்னும் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். இணையத்தில் வரும் நட்சத்திர மதிப்பீடுகளில் ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் அளித்தவர்களின் கருத்தைப் படியுங்கள். நிறைகுறை இரண்டையும் எழுதுபவர்கள் அவர்கள்தான். புத்தகத் திருவிழாவுக்கு முடிந்தால் இரண்டு முறை செல்லுங்கள். முதல் முறை பார்த்துக் குறித்துக்கொள்வதற்கும், வீட்டில் யோசித்த பின் மறுமுறை வாங்குவதற்கும் என்று வைத்துக்கொண்டால் பாதி நூல்கள் பட்டியலிலிருந்து தாமாகவே விழுந்துவிடும்.

வாங்குவதற்கு முன் நூலகத்தில் தேடிவிடுவது நல்லது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக, சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்தி வருகிறோம். மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் அந்தப் பணத்தில் நடப்பவை. சுயமுன்னேற்ற நூல்களை இரவல் வாங்கிப் படிப்பதே போதுமானது. அடிக்கடி புரட்ட வேண்டிய அபுனைவு நூலையும், இரண்டாம் முறை படிக்கத் தோன்றிய புனைவையும் சொந்தமாக வாங்கலாம். நீங்கள் தேடுவது உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதைவிட எழுத்தில் கொடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு ஆகியவற்றோடு, பின்னட்டையில் பட்டைக் குறியீட்டின் அருகே இருக்கும் 13 இலக்கத் தர நூல் எண்ணையும் (ISBN) சேர்த்து எழுதினால், ஒரே பெயரில் பல பதிப்புகள் உள்ள நூல்களில்கூட எந்தப் பதிப்பு வேண்டும் என்பதில் நூலகருக்கு ஐயம் இராது.